பெரிய மாப்பிள்ளைக்கு மூளை

கோபம் மூளையில் எந்த இடத்தில் குடியிருக்கிறது என்று கேட்டால் நான் புத்தகத்தைத் திறக்காமலே சொல்லிவிடுவேன். இலுப்பூரில், என் மாமனார் வீட்டுக் கூடத்தில், என் சகலையின் இலையில், சோற்றுக்கு வலப்பக்கம். மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வதக்கி, அவ்வளவாக உடையாமல்.

விஷயம் இதுதான். மாமனார் வீட்டில் தீபாவளிக்குக் கிடா அடிப்பார்கள். காலையில் இட்லிக்குக் கறிக்குழம்பு, மதியம் தலைக்கறி. ஒரு கிடாவுக்கு ஒரு தலை, ஒரு தலைக்கு ஒரு மூளை. அந்த மூளை பெரிய மாப்பிள்ளைக்கு. சின்ன மாப்பிள்ளைக்கு நாக்கும் மண்டை எலும்பும். சமஸ்தானம் போய் நாங்கள் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்தபோது எத்தனையோ சட்டங்கள் மாறின. இந்தச் சட்டம் மாறவில்லை. நான் சின்ன மாப்பிள்ளை.

வயதில் நான்தான் மூத்தவன். ஆனால் மாமனார் வீட்டில் யாரும் பிறந்த தேதியைக் கேட்பதில்லை, எந்தப் பெண்ணைக் கட்டினான் என்றுதான் பார்ப்பார்கள். சகலை மூத்த பெண்ணைக் கட்டினவர். இன்னொரு கொடுமை, நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில், ஒரே விலங்கியல் சோதனைச்சாலையில், அடுத்தடுத்த மேஜையில் டெமான்ஸ்ட்ரேட்டர்கள். என் கல்யாணத்தைப் பேசி முடித்ததே அவர்தான். "எனக்கு ஒரு கொழுந்தியா இருக்கு, நல்ல பொண்ணு" என்று அவர் சொன்னபோது நான் அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து நன்றி சொன்னேன். பெண் நல்ல பெண்தான், அதில் குற்றமில்லை. ஆனால் தனக்குக் கீழே உட்கார ஓர் ஆள் பிடிக்கிறார் என்பது எனக்கு முதல் தீபாவளிக்குத்தான் விளங்கியது.

அன்று பந்தியில் மாமனார், அவருடைய பங்காளிகள், பக்கத்து வீட்டு மிராசு என்று ஒரு வரிசை ஆட்கள். சகலை எனக்குப் பக்கத்து இலை. தலையில் சந்தனாதித் தைலம் கமகமவென்று மணக்கிறது. மாமியார் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு பரிமாறுகிற பெண்ணிடம் யாருக்கு எது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூளை சகலையின் இலைக்குப் போனது. எனக்கு எதை வைப்பது என்று அந்தப் பெண் ஒரு நொடி தயங்கினாள். உடனே சகலை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"சகலைக்கு நாக்க வையி தாயீ. அவரு அத வச்சுத்தான் பொழைக்கிறாரு."

பந்தி முழுக்கச் சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான். வகுப்பில் நான் கொஞ்சம் அதிகம் பேசுவேன், பையன்களைச் சிரிக்க வைப்பேன், அதுதான் அவர் குத்தியது. சிரித்துக்கொண்டே இருக்கையில் காது இரண்டும் சுட்டன. கை மயிர் குத்திட்டு நின்றது. வயிறு கதவைச் சாத்திக்கொண்டது. வாயில் எச்சில் இல்லை. நாக்கு வறுவலை என் சொந்த நாக்கால் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன், இரண்டில் எது வறண்டது என்றே தெரியவில்லை.

அந்த ஐந்து நிமிஷம் என் உடம்பில் நடந்ததைத்தான் பிற்பாடு பல வருஷம் பாடமாக நடத்தினேன். மூளையின் அடியில், இரண்டு கண்ணிலிருந்தும் வருகிற நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், ஹைப்போதலாமஸ் இருக்கிறது. சின்ன இடம்தான். அதிலிருந்து ஒரு காம்பு இறங்கும், காம்பின் நுனியில் சுண்டைக்காய் மாதிரி பிட்யூட்டரி தொங்கும். பசி, தாகம், வேர்வை, தூக்கம், நெஞ்சு படபடப்பு எல்லாவற்றுக்கும் இந்தச் சின்ன இடம்தான் மணியக்காரர். மேலே இருக்கிற பெரிய மூளை நாகரிகமாகச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கீழே இது காதைச் சுட வைக்கும், எச்சிலை நிறுத்தும். பெரிய மூளைக்குத் தகவல் தெரிவிக்கிற மரியாதைகூடக் கிடையாது.

அந்த மணியக்காரருக்கும் மேலே ஒரு கூட்டம் உண்டு. மூளையைப் பிளந்தால் உள்பக்கச் சுவரை ஒட்டி வளைந்து கிடக்கும் பகுதிகள். கிடாக் கொம்பு மாதிரி சுருண்ட ஹிப்போகாம்பஸ், அதன் முனையில் பாதாம் பருப்பு அளவில் அமிக்டலா. நாங்கள் படித்த காலத்துப் புத்தகம் இவை அத்தனையையும் மோப்பத்துக்கான மூளை என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தது. பின்னால் வந்த புத்தகங்கள்தான் அதை அவிழ்த்து, பயம், கோபம், ஞாபகம் எல்லாம் இங்கேதான் என்று சொல்லி, லிம்பிக் மண்டலம் என்று பெயர் வைத்தன. என்னைக் கேட்டால் பழைய புத்தகமும் முழுக்கத் தப்பில்லை. இன்றைக்கும் டவுன் பஸ்ஸில் எவனாவது சந்தனாதித் தைலம் தடவிக்கொண்டு ஏறினால் என் காது சுடுகிறது. அவன் யாரோ, பாவம். நான் இரண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கிவிடுகிறேன்.

சரி, பந்திக்கு வருகிறேன். நாக்கு இறங்காததால் எலும்பை எடுத்தேன். தலை எலும்பை உறிஞ்சுவது ஒரு நல்ல ஏற்பாடு, யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். என் இலையில் விழுந்திருந்தது மண்டையோட்டின் அடித்தளம். அதன் நடுவில் விரல் நுனி பதிகிற அளவுக்கு ஒரு குழி. அந்தக் குழிக்குள் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பினேன். பட்டாணி அளவு உருண்டை, மேலே பிய்ந்த காம்பு, காம்போடு கொஞ்சம் மூளைச் சதை.

பிட்யூட்டரி. அதோடு ஹைப்போதலாமஸின் அடித்துண்டு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தத் தடவை நிஜமான சிரிப்பு. எங்கள் சோதனைச்சாலையில் வருஷக்கணக்காக ஆட்டு மூளையைத்தான் பையன்களுக்குக் காட்டிவந்தோம். மூளை எங்கிருந்து வரும்? சந்தைப்பேட்டைக் கறிக்கடையிலிருந்து. அட்டெண்டர் போய் முழுசாக வேண்டும் என்று சொல்லி வாங்கி வருவார். கடைக்காரர் அதை அடுப்புக்கு எடுப்பது மாதிரிதான் எடுத்துக் கொடுப்பார்: உச்சி ஓட்டைத் தட்டித் திறந்து, விரலை உள்ளே விட்டு ஒரே தூக்கு. மேலே பார்த்தால் பூ மாதிரி இருக்கும். அடியில் காம்பு அறுந்து, உருண்டை எலும்புக் குழியிலேயே தங்கிவிடும். ஹைப்போதலாமஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கிழிசல்தான் இருக்கும். மூளையைக் கவிழ்த்துப் பார்க்கும் வழக்கம் எங்களில் யாருக்கும் இல்லை. அடிப்பாகத்துக்குச் சுவரில் சார்ட் தொங்கியது. பையன்கள் மூளையை மேஜையில் வைத்துக்கொண்டு சார்ட்டைப் பார்த்து வரைவார்கள். நாங்களும் மார்க் போடுவோம்.

அதாவது தீபாவளிக்குத் தீபாவளி சகலை தின்றது ஹைப்போதலாமஸ் இல்லாத மூளை. அது கிடந்தது என் இலையில். அவர் எனக்கு எலும்பை ஒதுக்கினார், எலும்பு எனக்கு ஆயுதத்தைக் கொடுத்தது. அதைத் துடைத்து, வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டேன். சட்டைப் பையில் வைக்காததற்குக் காரணம், துவைக்கிறவள் என் மனைவி, அவள் தன் அக்காவிடம் எதையும் மறைக்க மாட்டாள்.

ஆயுதம் கிடைத்தாலும் யுத்தம் வர வேண்டுமே. அடுத்த வருஷமே வந்தது. எங்கள் லெக்சரர் ஓய்வு பெற்றார். பிரின்சிபால் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, வெளியூரிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் வருகிறார்கள், அவர்கள் முன்னால் ஆளுக்கு ஒரு செய்முறை வகுப்பு எடுக்க வேண்டும், யார் வகுப்பு அவர்களுக்குப் பிடிக்கிறதோ அவருக்கு லெக்சரர் வேலை என்றார். பாடம் ஒன்றே: மூளையின் அடிப்பாகமும் அதன் வேலைகளும்.

எனக்கு அந்த அறையிலேயே பிரின்சிபாலைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. லெக்சரர் வேலை எனக்கு வேண்டியிருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதைவிட, சகலை ஒரு மூளையைக் கவிழ்த்து, அந்தக் கிழிசலைப் பார்க்கிற முகத்தை நான் பார்க்க வேண்டியிருந்தது. அந்த முகத்துக்காக நான் சம்பளமில்லாமல்கூட லெக்சரராக இருந்திருப்பேன்.

அன்று முதல் என் வீட்டுக் கொல்லை கறிக்கடை ஆனது. கறிக்கடை பாயிடம் தட்டாத முழுத் தலையாகக் கேட்டேன். வீட்டில் விருந்தா சார் என்றார். ஒருத்தருக்கு மட்டும் என்றேன். உளியும் சுத்தியலும் வைத்துக்கொண்டு, தலையைக் கவிழ்த்துப் போட்டு, அடி எலும்பைக் கீழேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி, அந்தக் குழியை உருண்டையோடு சேர்த்து விடுவிப்பது என் திட்டம். திட்டம் நன்றாகத்தான் இருந்தது. கைதான் நன்றாக இல்லை. முதல் தலையில் உளி நேராக மூளைக்குள் போனது. அடுத்ததில் உருண்டை தெறித்துக் கோழி கொத்திக்கொண்டு போனது. உலகத்திலேயே பிட்யூட்டரி தின்ற கோழி எங்கள் கோழியாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு அது முட்டையே இடவில்லை என்று என் மனைவி குறை சொன்னாள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது, ஆனால் குற்றம் என் தலையில்தான் விழுந்தது.

ஒருநாள் அவள் அரிவாள்மனையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அந்த ஆட்ட அடிக்கிறீங்களா, இல்ல வேற யாரயும் நெனச்சு அடிக்கிறீங்களா?"

"பாடத்துக்கு" என்றேன்.

"பாடத்துக்கு எதுக்குப் பல்லக் கடிக்கிறீங்க?" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. அன்றிலிருந்து அக்காவிடம் எதுவும் சொல்லவுமில்லை என்று பின்னால் தெரிந்தது. அவளுக்கும் தன் அக்காள்மேல் ஒரு சின்னக் கணக்கு இருந்திருக்க வேண்டும். நல்ல குடும்பம்.

புத்தகத்தில் ஒரு பூனை உண்டு. அதன் மேல்மூளையை நீக்கிவிட்டால், வாலைத் தொட்டாலே சீறும், மயிர் சிலிர்க்கும், நகத்தை நீட்டும். ஆனால் யார்மேல் சீறுகிறோம் என்று அதற்குத் தெரியாது, விட்டவுடன் மறந்துவிடும். அதைப் பொய்க் கோபம் என்பார்கள். உளியை இறக்கும்போதெல்லாம் அந்தப் பூனையை நினைத்துக்கொள்வேன். என்னுடையது பொய்க் கோபம் இல்லை. யார்மேல், எதற்கு, எந்தப் பந்தியில், வாழையிலை எந்தப் பக்கம் கிழிந்திருந்தது என்பதுவரை என் தலைக்குள் சுருண்டு கிடக்கும் கிடாக் கொம்பு எனக்குப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தது.

கடைசியில் ஒரு மூளை சரியாக வந்தது. கண் நரம்புகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடம், பின்னால் லேசான மேடு, காம்பு, காம்பில் ஆடுகிற உருண்டை. ஃபார்மலின் ஜாடிக்குள் போட்டு, பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன்.

வகுப்புக்கு முந்தின நாள் சகலை என் மேஜைக்கு வந்தார். அவர் சுத்தமான ஆள், ஆட்டுத்தலையைக் கையால் தொட மாட்டார், எல்லாம் அட்டெண்டர்தான். "சகலை, அடிப்பாகம்னு போட்டிருக்காகளே. கடை மூளை போதும்ல?" என்று கேட்டார்.

"வருஷக்கணக்கா அதத்தானே பசங்களுக்குக் காட்டுறோம்" என்றேன். இதில் ஒரு வார்த்தை பொய் இருந்தால் சொல்லுங்கள்.

மறுநாள் முதலில் அவர். வெள்ளைச் சட்டை, தைலம், வார்னிஷ் அடித்த குரல். மேல்மூளையின் மடிப்புகள், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மோப்ப முனைகள், எல்லாம் அழகாகச் சொன்னார். பேராசிரியர் இருவரில் வயதானவர், குட்டையானவர், காதில் முடி உள்ளவர், "கவிழ்த்துக் காட்டுங்கள், ஹைப்போதலாமஸ் எங்கே?" என்றார். சகலை கவிழ்த்தார். இடுக்கியின் நுனி இறங்கியது, பாதியில் நின்றது. கிழிசல். இடுக்கி இப்படியும் அப்படியும் தேடியது. பிறகு அவர் தலையை நிமிர்த்தினார். பேராசிரியரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

அந்த முகம். அதை வர்ணித்துக் கெடுக்க மாட்டேன், அது என் சொந்தச் சேமிப்பு. வயசான காலத்தில் தூக்கம் வராத சமயங்களில் எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

அவர் சார்ட்டைக் காட்டிச் சமாளித்து முடித்தார். என் முறை வந்தது. ஜாடியைத் திறந்து, தட்டில் மூளையைக் கவிழ்த்து வைத்தேன். உருண்டை காம்பில் ஆடியது. வயதான பேராசிரியர் நாற்காலியை விட்டு எழுந்து கிட்டே வந்து குனிந்தார். நான் வாயைத் திறந்தேன்.

வார்த்தை வரவில்லை. நெஞ்சு சுத்தியலாக அடிக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, நாக்கு மேலண்ணத்தில் பசை போட்டது மாதிரி ஒட்டிக்கிடக்கிறது. தட்டில் இருக்கிற ஹைப்போதலாமஸ் சும்மா கிடக்க, என் தலைக்குள் இருப்பது வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தது. பழிவாங்கிவிட்ட சந்தோஷத்துக்கும் பயத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது போலிருக்கிறது, இரண்டுக்கும் ஒரே மருந்தைத்தான் ஊற்றுகிறது. "தா... தாக..." என்றேன். தாகத்துக்கான இடம் என்று சொல்ல வந்தேன். பேராசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போது ஒரு தம்ளர் தண்ணீர் என் கைக்கு வந்தது. கொண்டுவந்தவர் சகலை. எனக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னார்:

"குடிங்க சகலை. நாக்கும் போயிட்டா ஒங்ககிட்ட வேற என்ன இருக்கு?"

தைல வாசனை குப்பென்று அடித்தது. மூக்கிலிருந்து அந்தப் பாதாம் பருப்பு அமிக்டலாவுக்கு அதிக தூரமில்லை. காது சுட்டது, பந்தி கண்முன் வந்தது, நாக்கு தானாக அவிழ்ந்தது. அதற்குப் பிறகு நான் பேசினேன் பாருங்கள், பையன்கள் மட்டும் இல்லை, காதில் முடி வைத்த பேராசிரியரே இரண்டு தடவை சிரித்தார். கோபத்தில் உடம்பு என்ன செய்யும் என்பதை என் கை மயிரைக் காட்டியே விளக்கினேன். வேலை எனக்குக் கிடைத்தது. சகலை குளத்தூர்ப் பக்கம் ஹைஸ்கூலுக்குப் போய்ச் சேர்ந்தார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அந்தத் தீபாவளிக்கு இலுப்பூருக்கு லெக்சரராகப் போனேன். புது வேட்டி, கையில் கடிகாரம். பந்தியில் சகலைக்கு முந்திப் போய் உட்கார்ந்தேன். மாமனார் என்னைப் பற்றி எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார். வறுவல் தட்டு வந்தது. என்னைத் தாண்டியது. சகலையின் இலையில் இறங்கியது.

என் மனைவி கதவருகே போய் அம்மாவிடம் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. மாமியார் பதிலும் கேட்டது. "லெக்சரரா இருந்தா என்னடி, கலெக்டரா இருந்தா என்ன? பெரிய மாப்பிள்ள இருக்கையில சின்னவருக்கு எப்புடி மூளைய வைக்கிறது?"

சகலை என் பக்கம் திரும்பவில்லை. மூளையில் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். எனக்கு நாக்கு வந்தது. ஒரு கல்லூரியே என்னை லெக்சரர் என்று ஒப்புக்கொண்டுவிட்டது, இந்த இலை ஒப்புக்கொள்ளவில்லை. அன்று எலும்பை உறிஞ்சிக்கொண்டே யோசித்தேன்.

அடுத்த தீபாவளிக்கு உளியும் சுத்தியலும் பையில் போட்டுக்கொண்டு விடியற்காலையிலேயே போய் இறங்கினேன். மாமியாரிடம், மனைவி மூலமாக, தலையை நானே திறந்து தருகிறேன், கல்லூரியில் இதுதான் என் வேலை, மூளை ஒரு கீறல் இல்லாமல் வரும் என்று சொல்லி அனுப்பினேன். எப்போதும் கொஞ்சம் உடைந்துதான் வரும் என்பதால் மாமியாருக்கு மகா சந்தோஷம். பெரிய மாப்பிள்ளைக்காகச் சின்ன மாப்பிள்ளை கொல்லையில் உட்கார்ந்து கிடாத்தலை செதுக்குகிறார், எவ்வளவு பாசம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

உச்சியைப் பக்குவமாகத் திறந்து, மூளையைத் தூக்குவதற்கு முன், வளைந்த பிளேடால் அடியில் ஒரு சுற்று சுற்றிக் கிண்டிவிடுவேன். தானாகப் பிய்ந்தால் ஒட்டிக்கொண்டு வருகிற துணுக்குகளும் இல்லாமல், காம்பு, உருண்டை, அதற்கு மேலே உள்ள ஹைப்போதலாமஸ் முழுவதும் எலும்போடு நின்றுவிடும். மேலே பூ மாதிரி, அடியில் சுத்தமான பள்ளம். பசி, தாகம், கோபம் எதுவும் இல்லாத மூளை சகலையின் இலைக்குப் போகும். அந்த எலும்பு, வழக்கப்படி, சட்டப்படி, என் இலைக்கு வரும்.

அறுபதுகள் முழுக்க இது நடந்தது. சகலை ஹெட்மாஸ்டர் ஆனார், தலை நரைத்தது, தைலத்தை விடவில்லை. ஒரு தீபாவளிக்கு அவர் மூளையை மென்றுகொண்டே புருவத்தைச் சுருக்கினார்.

"சகலை, நீங்க எடுக்க ஆரம்பிச்சதுலருந்து முழுசா வருது, பாக்க லெச்சணமாத்தான் இருக்கு. ஆனா முன்ன மாதிரி ருசி இல்லையே. என்னமோ கொறையுது."

"ஒங்களுக்கு வயசாகுதுல்ல" என்றேன். அவர் என்னைவிட இளையவர் என்பதை அந்த ஒரு தடவைதான் நான் மறந்ததுபோல் நடித்தேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு இன்னொரு துண்டைப் பிட்டார். நான் எலும்பைத் திருப்பி, குழியிலிருந்து அதை நகத்தால் நெம்பி எடுத்து, யாரும் பார்க்காதபோது வாயில் போட்டுக்கொண்டேன். சும்மா சொல்லக்கூடாது, அதற்கு ருசியே கிடையாது. ஜவ்வு மாதிரி இருக்கும், கொஞ்சம் மண் வாடை, எவ்வளவு மென்றாலும் கரையாது. சாப்பாடு முடிகிறவரை மென்றேன். கை கழுவியதும் கொல்லைக்குப் போய் உளியைத் துடைத்து, துரு ஏறாமல் தேங்காயெண்ணெய் தடவி, அடுத்த தீபாவளிக்காகப் பரணில் வைத்தேன்.